சித்தப்பா சொல்லாமல் வைத்த சனிக்கிழமை

"அக்கா, சனிக்கிழமை நம்ம வீட்டுல ஏதாவது இருக்கா?"

கேட்டவள் என் சித்தியின் மகள். ஆறாம் வகுப்பு. பள்ளியிலிருந்து வந்த கையோடு, பையைக்கூடக் கழற்றாமல், சமையலறை வாசலில் நின்று கேட்டாள். இருக்கிறது என்றால் ரகசியம் போச்சு. இல்லை என்றால் பொய். நான் வாயிலிருந்த ரொட்டியை மென்றுகொண்டே நின்றேன். ரொட்டி எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது.

இவ்வளவு எளிய கேள்விக்கு அன்று என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஏன் என்று உங்களுக்குப் புரிய வேண்டுமானால் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா லிஃப்ட் மெக்கானிக். ஒரு பராமரிப்புக் கம்பெனியில் வேலை. எந்தக் கட்டடத்துக்குப் போனாலும், யார் வீட்டு விசேஷத்துக்குப் போனாலும், முதலில் லிஃப்டைத்தான் நலம் விசாரிப்பார். உள்ளே ஏறியதும் குதிகாலால் தரையை லேசாக ஓர் அழுத்து அழுத்துவார். கதவு மூடும்போது தலையைச் சாய்த்து, தூரத்தில் யாரோ கூப்பிடுவது போலக் காது கொடுப்பார். "உருளைக்கு கிரீஸ் போட்டு ரொம்ப நாளாச்சு" என்பார். பக்கத்தில் நிற்பவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிப் படிக்கட்டைத் தேடுவார்கள்.

அவருக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு: 'இதோ வந்துட்டேன்'. போன் அடித்தால் போதும், யார், எங்கே, என்ன என்று முழுதாகக் கேட்பதற்கு முன்பே "இதோ வந்துட்டேன்" என்று சொல்லிவிடுவார். கம்பெனியிலிருந்து கூப்பிட்டாலும் அதுதான், சித்தி கூப்பிட்டாலும் அதுதான். வித்தியாசம் என்னவென்றால், கம்பெனி கூப்பிட்டால் வந்துவிடுவார்.

இதனால் அந்த வீட்டில் நடந்தவை ஒன்றிரண்டல்ல. ஒரு முறை பிள்ளைகளைக் கடற்கரைக்கு அழைத்துப் போகிறேன் என்று சொல்லி, பெட்டியெல்லாம் கட்டி, காலணியும் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஒரு மருத்துவமனை லிஃப்ட் நின்றுவிட்டது. அடுத்த முறை பேருந்திலேயே ஏறிவிட்டார்கள். பாதி வழியில் போன் வந்தது. சித்தப்பா இறங்கிக்கொண்டார். அவர் இல்லாமல் போய் என்ன செய்வது என்று அடுத்த நிறுத்தத்தில் சித்தியும் பிள்ளைகளோடு இறங்கித் திரும்பிவிட்டாள். அதற்குப் பிறகு ஆறாம் வகுப்புக்காரியான பெரியவள், அப்பா எதைச் சொன்னாலும், "சரிப்பா" என்று மட்டும் சொல்வாள். மற்றப் பிள்ளைகள் மாதிரி எப்போ, எங்கே, நிஜமாவா என்று ஒரு கேள்வி கிடையாது. அந்த 'சரிப்பா' சித்தப்பாவை எங்கேயோ போய்க் குத்தியது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான் பள்ளி முடித்துவிட்டு, அடுத்து என்ன படிப்பது என்றும் தெரியாமல், வீட்டில் சும்மா இருக்கவும் பிடிக்காமல், ஒரு கணினி வகுப்பைச் சாக்காக வைத்து சித்தி வீட்டில் வந்து தங்கியிருந்தேன். வந்த வாரமே சித்தப்பா என்னைப் பால்கனிக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"யார்கிட்டயும் சொல்லிடாத. பிள்ளைங்கள தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போறேன். வர்ற சனிக்கிழமை. ரெண்டு நாள், ராத்திரி அங்கயே தங்கல். பெரிய ராட்டினம், தண்ணிச் சறுக்கு எல்லாம் இருக்கு."

"சூப்பர் சித்தப்பா! அவங்களுக்குத் தெரியுமா?"

"அதுதான் விஷயமே. தெரியக் கூடாது. சனிக்கிழமை காலைல எழுப்பி, கிளம்புங்கன்னு சொல்றோம். அவ்வளவுதான்."

"அதுவரைக்கும் கேட்டா என்ன சொல்றது?"

"ஒண்ணும் சொல்லாத. நான் பொய் சொல்லச் சொல்லல. சொல்லாம இருக்கறது பொய் இல்லையே."

அவருக்கு அது சுலபம். காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்து எழுகிறவள் நான். துணி எடுத்து வைக்க வேண்டும், தெரியக் கூடாது. பெட்டி அலமாரிக்கு மேலிருந்து இறங்க வேண்டும், சத்தம் வரக் கூடாது. சின்னவனுக்கு ஆறு வயது. எதையும் முதலிலேயே தெரிந்துகொண்டால்தான் அவனுக்கு நிம்மதி. நாளைக்கு என்ன கிழமை, நாளைக்கு என்ன சாப்பாடு, நாளைக்கு யார் தலை வாரிவிடுவார்கள் என்று கேட்டுவிட்டுத்தான் தூங்குவான். அவனுடைய நீச்சல் உடையை நான் என் கணினிப் புத்தகங்களுக்கு நடுவில் ஒளித்து வைத்தேன். மறுநாள் வகுப்பில் புத்தகத்தை எடுத்தபோது வாத்து படம் போட்ட ஜட்டி மேசைமேல் விழுந்தது. எனக்கு இதெல்லாம் தேவையா?

சித்திக்கு இந்தத் திட்டம் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சித்தி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிறவள். கண்ணுக்குத் தெரியாத எதன் மீதும் அவளுக்கு நம்பிக்கை கிடையாது. "சொல்லிடுங்க" என்றாள். "சொன்னா சப்புனு போயிடும்" என்றார். இந்த இரண்டு வாக்கியங்களையே மாற்றி மாற்றி இருவரும் வீட்டுக்குள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். எனக்குத் தலை வெடித்துவிடும் போலிருந்தது.

அப்புறம் ஒரு மதியம் எங்கள் கட்டடத்து லிஃப்டே நின்றுவிட்டது. உள்ளே சித்தி, இரண்டு பை காய்கறியோடு. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில். நல்லவேளையாக சித்தப்பா அன்று வீட்டில் இருந்தார். பிள்ளைகள் பள்ளியில்.

அவர் வேலை செய்வதை நான் முதன்முதலில் பார்த்தது அன்றுதான். ஓடவில்லை. மூன்றாம் மாடிக் கதவில் விரல் மூட்டால் தட்டி, நான் கேட்டே இராத மெதுவான குரலில் பேசினார்.

"உள்ள இருக்கறவங்க பயப்படாதீங்க. நான் மெக்கானிக். வெளிய நிக்கறேன்."

"நான்தாங்க!" என்று உள்ளிருந்து சித்தி கத்தினாள்.

"தெரியும்மா. இருந்தாலும் முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. இப்ப நான் மேல மோட்டார் ரூமுக்குப் போகப் போறேன். முதல்ல விளக்கு அணையும். அது நான் அணைக்கறது, பயப்படாத. அப்புறம் ஒரு ஆட்டு ஆடும். அப்புறம் மெதுவா மேல வரும். வந்து நின்னதும் நான் கதவைத் திறப்பேன். நீயா திறக்கக் கூடாது. புரிஞ்சுதா? திருப்பிச் சொல்லு."

சித்தி திருப்பிச் சொல்லவில்லை, கேட்டாள்.

"ஏங்க, மாட்டிக்கிட்ட எல்லார்கிட்டயும் இப்படித்தான் சொல்லுவீங்களா?"

"பின்ன? சொல்லாம விளக்க அணைச்சா உயிரே போயிடும்ல. அடுத்து என்ன வரப்போகுதுன்னு தெரிஞ்சா மனுஷன் எதையும் தாங்கிக்குவான்."

"அப்போ பிள்ளைங்களுக்கு மட்டும் ஏங்க சொல்லாம விளக்க அணைக்கறீங்க?"

"அது வேற, இது வேற."

"எப்படி வேற? இன்னிக்கு ஒரு முடிவு தெரிஞ்சாகணும். தீம் பார்க் விஷயத்த சொல்லப் போறீங்களா இல்லையா? அதுவரைக்கும் நான் வெளிய வர மாட்டேன்."

"நீ வெளிய வர்றது உன் கையில இல்லம்மா."

"காமெடி பண்ணாதீங்க!"

சித்தப்பா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். அவர் நெற்றியைக் கதவில் சாய்த்துக்கொண்டு, குரலை இன்னும் இறக்கினார்.

"சொல்லிட்டு, மறுபடியும் போக முடியலன்னா, அவ மூஞ்சிய என்னால பார்க்க முடியாது. 'சரிப்பா'ங்கறா பாரு, அத இன்னொரு தடவ கேட்க என்னால ஆகாது. சொல்லலன்னா, போகலன்னாலும் யாருக்கும் எதுவும் கெட்டுப் போகாதுல்ல."

உள்ளே காய்கறிப் பை கீழே வைக்கப்படும் சத்தம் கேட்டது.

"ஆக, போகாம இருக்கறதுக்கும் இப்பவே ஒரு வழி பண்ணி வெச்சிருக்கீங்க" என்றாள் சித்தி.

அவர் மாடிப்படி ஏறினார். விளக்கு அணைந்தது. ஓர் ஆட்டு ஆடியது. சொன்னது சொன்னபடி எல்லாம் நடந்தது. கதவு திறந்தபோது சித்தி ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள். "சொல்லாமத் தொலைங்க. ஆனா சனிக்கிழமை உங்க போன் என் கைல இருக்கணும்." சித்தப்பா தலையாட்டினார். கிரீஸ் கையால் காய்கறிப் பையை வாங்கிக்கொண்டார். அதற்கும் திட்டு வாங்கினார்.

இந்த ரகசியப் பேச்சை, எதிர்வீட்டு அத்தையும் மேல்மாடித் தையல்காரரும் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு முழுக்கக் கேட்டார்கள். மாலைக்குள் கட்டடத்துக்கே தெரிந்துவிட்டது, இரண்டு பேரைத் தவிர. அதன் பிறகு சின்னவன் படியில் இறங்கினாலே யாராவது கண்ணடித்தார்கள். எதிர்வீட்டு அத்தை அவன் கன்னத்தைக் கிள்ளி, "சனிக்கிழமை ஒரே ஜாலிதான் போல!" என்றாள்.

"சனிக்கிழமை என்ன?" என்றான் அவன்.

"ஸ்கூல் லீவுடா. அதான் ஜாலி" என்று நான் அவனைத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போனேன்.

"எல்லா சனிக்கிழமையும்தானே லீவு?" வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தான். நியாயமான கேள்விதான்.

இந்த நிலையில்தான் பெரியவள் என்னிடம் வந்து, சனிக்கிழமை ஏதாவது இருக்கிறதா என்று கேட்டது. நான் "இரு, வர்றேன்" என்று பால்கனிக்குப் போய் சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். அவர் ஏதோ ஒரு லிஃப்டின் தலைமேல் நின்றுகொண்டிருந்தார். குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல இருந்தது.

"சித்தப்பா, பெரியவ சனிக்கிழமை பத்திக் கேக்கறா."

"சந்தேகம் வந்துடுச்சா?"

"தெரியல. எதுக்குன்னு கேட்டுப் பார்க்கட்டுமா?"

"வேணவே வேணாம். நீ வாயத் திறந்தா உன் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும். தெரியலன்னு சொல்லிட்டு நகர்ந்துடு. ரெண்டு நாள்தானே."

நான் உள்ளே போய், "தெரியலடி" என்றேன்.

"அப்போ ஒண்ணும் இல்ல" என்று அவளே முடிவுசெய்துகொண்டாள். ஒரு பெரிய பாரத்தை இறக்கி வைத்தவள் போல அவள் முகம் தெளிந்தது. பையைக் கழற்றிக் கட்டிலில் எறிந்துவிட்டுப் பந்தை எடுத்துக்கொண்டு கீழே ஓடிவிட்டாள்.

சனிக்கிழமை விடிந்தது. சித்தப்பா எல்லோருக்கும் முன்னால் எழுந்து குளித்து, பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்து, அந்தத் தீம் பார்க்கின் படம் போட்ட மஞ்சள் தொப்பி ஒன்றைத் தலையில் வைத்துக்கொண்டு நின்றார். தொப்பியின் இரண்டு பக்கமும் முயல் காது தொங்கியது. அவரைப் பார்த்து எனக்கே கொஞ்சம் சந்தோஷமாகத்தான் இருந்தது. சின்னவனைத் தூக்கிவந்து நிறுத்தினோம்.

"டட்டடாய்ங்! தீம் பார்க் போறோம்! இப்பவே!"

சின்னவன் கண்ணைக் கசக்கிக்கொண்டு தொப்பியைப் பார்த்தான், பெட்டியைப் பார்த்தான். பிறகு உதடு பிதுங்கியது.

"ஏன்டா அழற? ராட்டினம்டா!"

"நேத்தே சொல்லியிருந்தா நான் நேத்துலேர்ந்தே சந்தோஷமா இருந்திருப்பேன்ல!" என்று அவன் ஓங்கி அழுதான்.

சித்தி சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்போது குளியலறைக் கதவு திறந்தது. பெரியவள் வந்தாள். முழங்கால் வரை காலுறை, பள்ளி அணியின் பச்சைச் சட்டை, கையில் அவள் கைக்குப் பெரிதான கோல் கீப்பர் கையுறை.

"எங்கடி கிளம்பிட்ட?" என்றாள் சித்தி.

"மேட்ச். எங்க கீப்பருக்கு விரல் உடைஞ்சிடுச்சு. இன்னிக்கு நான்தான் நிக்கறேன்."

இரண்டு வருடமாக அந்த அணியில் அவள் வெளியே உட்கார்ந்து தண்ணீர் பாட்டிலைக் காவல் காக்கிறவள். இது எங்கள் எல்லோருக்கும் தெரியும். முதல்முறையாக உள்ளே இறங்கப்போகிறாள் என்பது யாருக்கும் தெரியாது.

"ஏன்மா சொல்லல?" என்றார் சித்தப்பா. முயல் காது ஒன்று அவர் கண்ணை மறைத்தது.

"சொன்னா வர்றேன்னு சொல்வீங்க. நான் திரும்பித் திரும்பிப் பார்த்துட்டே இருப்பேன். கோல் விட்டுடுவேன்." அவள் கோபமாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பது போலச் சொன்னாள். பிறகுதான் பெட்டியைக் கவனித்தாள். "இது என்ன?"

சொன்னோம். ஒரு கணம் அவள் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். உடனே கையுறையைப் பார்த்துக்கொண்டாள்.

"நாளைக்குப் போலாமா?"

"இன்னிக்கும் நாளைக்கும்தாம்மா டிக்கெட், ரூம் எல்லாம் எடுத்திருக்கு. பஸ் இன்னும் கொஞ்ச நேரத்துல."

"அப்போ நீங்க போயிட்டு வாங்க."

"என்ன பேச்சு பேசற? உனக்காகத்தானே இதெல்லாம்! உனக்கு ஆசை இல்லையா?"

"இருக்கு. அதுக்கு? டீம்ல நான் வர்றேன்னு சொல்லிட்டேன்."

சித்தப்பாவின் பொறுமை போய்விட்டது. எத்தனை நாள் திட்டம், எத்தனை பேரிடம் கெஞ்சி வாங்கின விடுப்பு! குரல் ஏறியது. "ஒரு போனப் போட்டு, அவசரம், இன்னிக்கு வர முடியலன்னு உங்க மிஸ்கிட்ட சொல்லிடு! அவ்வளவுதானே?"

"அது நீங்க எப்பவும் சொல்றது. நான் சொல்ல மாட்டேன்."

சின்னவன் அழுகையை நிறுத்திவிட்டான். சித்தப்பா தொப்பியைக் கழற்றினார். அதைப் பெட்டியின் மேல் வைத்தார். பிறகு வெளியே போய் லிஃப்டின் முன்னால் நின்றார். பட்டனை அழுத்தவில்லை. லிஃப்ட் யாரோ ஏறி யாரோ இறங்கி, மேலும் கீழும் போய்க்கொண்டிருந்தது. அவர் தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டே நின்றார். எனக்கு எரிச்சலாக வந்தது. இவரை நினைத்தா, இந்தத் திட்டத்தை நினைத்தா, 'தெரியல' என்று சொல்லச் சொன்னதை நினைத்தா என்று பிரிக்கத் தெரியவில்லை.

திரும்பி வந்தவர் மகளின் முன்னால் குனிந்து உட்கார்ந்தார். லிஃப்ட் கதவில் பேசிய அதே குரல்.

"இப்ப என்ன நடக்கப் போகுதுன்னு சொல்றேன். இந்த பஸ்ஸ விட்டுடறோம். எல்லாரும் மைதானத்துக்கு வர்றோம். நான் கோலுக்குப் பின்னாடி நிப்பேன். ஆட்டம் முடியற வரைக்கும் நிப்பேன். அப்புறம் மதிய பஸ்ஸுல தீம் பார்க் போறோம். இன்னிக்குப் பாதி நாள் போயிடும். நாளைக்கு முழுசா இருக்கு. புரிஞ்சுதா?"

"சரிப்பா" என்றாள் அவள்.

பழைய 'சரிப்பா'தான். நம்பவில்லை. சித்தப்பா பையிலிருந்து போனை எடுத்து என் கையில் திணித்தார். "சித்திகிட்ட குடுத்தா அடிச்சதும் அணைச்சுடுவா. நீ எடுத்துப் பதில் சொல்லு" என்றார்.

மைதானம் வெறும் புழுதி. பெட்டியோடு போன ஒரே குடும்பம் நாங்கள்தான். சின்னவன் பெட்டிமேல் உட்கார்ந்து, "இன்னும் எவ்வளவு நேரத்துல பஸ்?" என்று கேட்டுக் கேட்டுச் சந்தோஷமாக இருந்தான். அவனுக்கு வேண்டிய 'நேற்று' அங்கேயே கிடைத்துவிட்டது. சித்தப்பா கோலுக்குப் பின்னால் நின்று விடாமல் பேசினார். "இப்ப அந்தக் குட்டைப் பொண்ணு வர்றா. வலது காலால உதைப்பா. உனக்கு இடது பக்கம் வரும்..."

"அப்பா! கொஞ்சம் சும்மா இருங்க!"

முதல் பாதியில் இரண்டு கோல் வாங்கினாள். மூன்றாவது அடியை நெஞ்சோடு பிடித்தபோது என் பையில் போன் அடித்தது. சித்தப்பா கேட்டுவிட்டார். அவர் கை தானாக நீண்டது. கோலுக்குள் நின்றவள் பந்தை அணைத்தபடியே திரும்பிப் பார்த்தாள்.

எடுத்தேன். சித்தப்பாவோடு வேலை பார்ப்பவர். ஏதோ ஓர் அலுவலகக் கட்டடம், லிஃப்ட் தரைமட்டத்துக்கு வராமல் ஒரு விரல் அளவு மேலே நிற்கிறதாம். உள்ளே யாரும் இல்லையாம்.

"என்ன சொல்லட்டும் சித்தப்பா?"

சித்தப்பா நீட்டிய கையை மடக்கி அக்குளுக்குள் வைத்துக்கொண்டார், குளிருக்கு ஒடுங்கி நிற்பவரைப் போல.

"வர மாட்டேன்னு சொல்லு."

"என்னது?"

"சத்தமா சொல்லு. இன்னிக்கு வர மாட்டேன். அவனே பார்த்துக்குவான்."

போனின் அந்தப் பக்கம், "நம்ம 'இதோ வந்துட்டேன்' இப்படியா சொல்றாரு? உடம்பு சரியில்லையா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார், மகளின் ஆட்டம் பார்க்கிறார் என்றேன். "அட, சொல்லியிருந்தா நான் கூப்பிட்டே இருக்க மாட்டேனே!" என்றார் அவர். இதற்கு நான் என்ன சொல்வது? லீவு எதற்கு என்று சித்தப்பா அங்கேயும் சொல்லியிருக்கவில்லை.

எங்கள் அணி தோற்றது. இன்னும் ஒரு கோல் போனது. அதை யாராலும் பிடித்திருக்க முடியாது, நானே பார்த்தேன். ஆட்டம் முடிந்து அவள் திரும்பியபோது அவர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார், தலைமேல் மறுபடியும் அந்த முயல் காது. அவள் சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

மதியப் பேருந்தில் சின்னவன் சித்தப்பா மடியில். முதலில் வாசல் வரும், அப்புறம் கையில் ஒரு பட்டை கட்டுவார்கள், அது வலிக்காது, அப்புறம் ராட்டினம் ஒரு ஆட்டு ஆடும் என்று அவர் வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தார். ஜன்னலோரம் கண்ணை மூடியிருந்த பெரியவள், மூடியபடியே சொன்னாள்.

"அடுத்த சனிக்கிழமையும் மேட்ச் இருக்கு. நான்தான் கீப்பர்."

"இதோ வந்..." என்று ஆரம்பித்த சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். "எத்தனை மணிக்கு?" என்றார். "எந்த மைதானம்?"

அவள் கண்ணைத் திறந்து சொன்னாள். அவர் அப்போதே என்னிடமிருந்து போனை வாங்கி, கம்பெனிக்குப் பேசி, அடுத்த சனிக்கிழமை தனக்கு வேலை போட வேண்டாம் என்றார். பேருந்து முழுக்கக் கேட்கும்படி.

"சரிப்பா" என்றாள் அவள். சற்று யோசித்து, "நிஜமாவா?" என்று கேட்டாள். அவளிடமிருந்து அப்படி ஒரு கேள்வி வந்து வெகு காலம் ஆகியிருந்தது.

இதை வாசிக்கும் உங்களிடம் எனக்கு ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ, பிள்ளைகளுக்குத் தெரியாமல் பெட்டி கட்டிக்கொண்டு, பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு கிசுகிசுப்பவர்கள் யாராவது இருந்தால், இந்தக் கதையை அவர்களிடம் கொடுங்கள். சனிக்கிழமை வரும்வரை வைத்திருக்காதீர்கள். இன்றைக்கே கொடுங்கள்.